ஆட்டோமேட்டிக் காரின் ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேனுவல் காரில் போடலாமா?

பெரும்பாலும் எஞ்சின் ஓடும். கியர்பாக்ஸையும் அதே ஈசியூ கட்டுப்படுத்தும் கார்களில்தான் சிக்கல். கியர் மாற்றும் மின்வால்வான ஷிப்ட் சோலினாய்டு மேனுவலில் இல்லாததால் பி0750 போன்ற பிழைக் குறியீடு விழுந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். சிலவற்றில் லிம்ப் மோடும் (பாதுகாப்புக்காக எஞ்சின் சக்தியைக் குறைக்கும் நிலை) வரும்.

கியர் பார்க்/நியூட்ரலில் இருப்பதைச் சொல்லும் சிக்னல் ஈசியூவுக்குக் கிடைக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாமல் போகலாம். அதற்காக அந்த வயரை நிரந்தரமாக எர்த் செய்யாதீர்கள்: கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பினால் கார் பாய்ந்துவிடும். வயரிங் படத்தைப் பார்த்து, கிளட்ச் சுவிட்ச் வழியாக இணையுங்கள்.

சோலினாய்டுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து ஈசியூவை ஏமாற்றுவது அரைகுறை வேலை. அது சூடாகும், கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சாருக்கான பிழைக் குறியீடும் அப்படியே நிற்கும். முடிந்தால் மேனுவல் காருக்கான சாஃப்ட்வேரை ஈசியூவில் ஏற்றுவதே (ஃபிளாஷ்) சரி. ஈசியூவை வாங்குமுன் கனெக்டரின் பின் (pin) அமைப்பு, இம்மொபிலைசர் (சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) இரண்டையும் பாருங்கள். சாவி பொருந்தாத ஈசியூவில் எஞ்சின் பிடிக்காது.

மேனுவல் ஈசியூவை கியர்பாக்ஸையும் அதே ஈசியூ கட்டுப்படுத்தும் ஆட்டோமேட்டிக் காரில் போடவே வேண்டாம்; கியர் மாற்ற ஆளிருக்காது.