தீக்காயத் தழும்பில் ஐந்து மாதமாக ஆறாத புண்

கேள்வி: என் தாயாருக்கு வயது 56. பத்து வயதில் விறகடுப்பில் தீப்பட்டதால் வலது முழங்காலின் பின்புறம் பெரிய தழும்பு உண்டு. ஐந்து மாதங்களாக அதன் நடுவே ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் ஆறாத புண் பழைய தழும்பில் இருந்தால், அது புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படும்வரை அதைச் சந்தேகத்துடன்தான் பார்க்க வேண்டும்.

தீக்காயத் தழும்பின் தோல் மெலிந்தது, இரத்த ஓட்டம் குறைந்தது. முழங்காலின் பின்புறம் போன்ற இடத்தில், கால் மடங்கி நிமிரும்போதெல்லாம் அது இழுபட்டு வெடிப்பதும் ஆறுவதும் மீண்டும் வெடிப்பதுமாகப் பல்லாண்டுகள் கழியும்போது, மிகச் சிலருக்கு அங்குள்ள செல்கள் புற்றுநோய்ச் செல்களாக மாறிவிடுகின்றன. தழும்புகளில் தோன்றும் இத்தகைய புண்களை 1828இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் இதை மார்ஜொலின் புண் என்கிறோம். தீக்காயம் பட்டதற்கும் புற்றுநோய் தோன்றுவதற்கும் இடையே முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிவது வழக்கம். உங்கள் தாயாருக்கு 46 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை தோலின் மேலடுக்குச் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய். தோல் புற்றுநோயின் மற்ற வகைகளான அடித்தள செல் புற்றுநோயும் மெலனோமாவும் அரிது. காஷ்மீரில் குளிருக்காக ஆடைக்குள் காங்கிரி என்னும் தணல் கூடையை வைத்துக்கொள்வோரின் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுநோயும், தோல் நெடுங்காலம் சூட்டில் புண்பட்டு வருவதுதான்.

கத்தி பட்டால் பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நோய் முற்றிய பிறகு அறுவை செய்துகொண்டவர்களின் நிலை மோசமானதைக் கண்டவர்கள், பழியைக் கத்தியின் மீது போட்டுவிட்டார்கள். இந்த அச்சத்தால் மாதக்கணக்கில் காத்திருந்து, தொடை இடுக்கில் நெறிகட்டிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. புற்றுநோய் பரவும் பாதைகளில் ஒன்றான நிணநீர்க் குழாய்கள் தழும்புத் திசுவில் குறைவு என்பதால், நோய் சில காலம் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கலாம். எல்லை தாண்டிவிட்டாலோ, வெயிலால் வரும் வழக்கமான தோல் புற்றுநோயைவிட வேகமாகப் பரவும். அடங்கிக் கிடக்கும் அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது.

புண்ணின் விளிம்பிலும் நடுவிலுமாகப் பல இடங்களில் சதை எடுக்கப்பட வேண்டும். முடிவில் நோய் இல்லை என்று வந்தும் புண் ஆறாவிட்டால் பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால், சுற்றியுள்ள நல்ல தோலிலும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து அகற்றி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். எலும்போ மூட்டோ பாதிக்கப்படாத நிலையில் காலைக் காப்பாற்ற முடிகிறது.

அதுவரை பச்சிலை, சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்டாதீர்கள். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் சீட்டில் ‘46 ஆண்டுப் பழைய தீக்காயத் தழும்பில் தோன்றிய புண்’ என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். திசுவை ஆராய்பவருக்கு அந்த விவரம் அவசியம்.