ஆயா பேசும் தமிழைப் படிப்பாக எடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த மகள் பண்பாட்டு மானிடவியலும் மொழியியலும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அக்கவுண்டிங் எடு என்கிறார் அவள் அப்பா. வீட்டில் அவள் ஆயா, அதாவது பாட்டி, பேசுகிற தமிழை ஆராயப் போகிறாளாம். இதையெல்லாம் ஒரு படிப்பு என்று ஒத்துக்கொள்வார்களா? வேலை கிடைக்குமா?"

ஒத்துக்கொள்வார்கள், அம்மா. மக்களின் வாழ்க்கைமுறையை ஆராயும் மானிடவியலின் தொடக்கத்திலேயே தமிழ் இருக்கிறது. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகெங்குமுள்ள உறவுமுறைச் சொற்களைத் திரட்டி 1871-ல் வெளியிட்ட பெருநூலில் தமிழுக்கு முக்கியமான இடம் உண்டு. நமக்கு அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவருமே ஒருவகையில் அப்பாதான். அம்மாவின் அண்ணன் தம்பி மட்டும் மாமா. பெரியப்பா மகன் அண்ணன், மாமா மகனோ கட்டிக்கொள்ளும் முறை. அப்பா வகை, மாமா வகை என்ற இதே பிரிவினை அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்களிடமும் இருப்பதைப் பார்த்து மார்கன் அசந்துபோனார்.

இப்போது உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வாருங்கள். ஆயா இன்னும் 'மாமா', 'சித்தப்பா' என்று பிரித்துச் சொல்வார். உங்கள் மகளுக்கு எல்லாரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி'. எந்தச் சொல் முதலில் போனது? எது இன்னும் நிற்கிறது? கல்யாண முறை பார்ப்பது தளர்ந்ததால் சொல் போனதா, தமிழே போனதால் போனதா? யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் அவள் குறித்து வைத்தால், முதலாண்டுப் பாடத்தில் பாதி அதில் இருக்கும்.

'ஆயா' என்ற சொல்லையே எடுங்கள். பாட்டியை ஆயா என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவலான வழக்கு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதல், 1911-ல் ஒப்பந்தக்கூலிகளை அனுப்புவது நிற்கும்வரை இங்கே கொண்டுவரப்பட்ட தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவரின் எண், தகப்பன் பெயர், மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஊரும் ஆயாவின் வாயில் இருக்கும் சொல்லும் ஒன்றையொன்று உறுதி செய்யும் இடம்தான் மொழியியலும் மானிடவியலும் கைகோக்கும் இடம்.

ஆயா பேசுவதைப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 'வந்துச்சு' என்றால் 'வந்துச்சு' என்றே எழுத வேண்டும். 'வந்தது' என்று திருத்திவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே செத்தது. எந்த இடத்தில் இங்கிலீஷுக்குத் தாவுகிறார், பேரனைத் திட்டும்போதா, டாக்டர் சொன்னதைச் சொல்லும்போதா, அதையும் குறிக்க வேண்டும்.

பதிவைத் தொடங்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். சொந்த ஆயாவிடம்கூட. மாணவியாக இருந்தபோது ஒரு மூதாட்டியின் பதிவைச் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பில் போட்டுக் காட்டினேன். அதில் அவர் மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை ஊருக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு.

இந்த நாட்டில் இத்துறைக்கே அப்படியொரு கறை உண்டு. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக இருந்த ஐசலன் தலைமையேற்ற குழுவின் அறிக்கைதான் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாகத் தாழ்ந்த கல்வியை விதித்த 1953-ன் பாண்டு கல்விச் சட்டத்துக்கு அடித்தளம். 1968-ல் ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின மானிடவியலாளருக்குக் கொடுத்த மூத்த விரிவுரையாளர் பதவியை, அரசின் நெருக்குதலுக்குப் பணிந்து கேப்டவுன் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. 2017-ல் இங்குள்ள பழங்குடிகளான சான் மக்கள், தங்களை ஆராய வருகிறவர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதினார்கள். உங்கள் மகள் இவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருட பி.ஏ. மட்டும் போதாது, கணக்குப் படித்தவருக்குப் போல 'மானிடவியலாளர் தேவை' என்ற விளம்பரம் அடிக்கடி வராது. நான்காவதாக ஆனர்ஸ் ஆண்டையும் கணக்கில் வையுங்கள். மானிடவியலோடு மொழியியலை இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுக்கட்டும். உங்கள் மாகாணத்தின் குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், 2014 முதல் சூலு (இங்கே பெரும்பாலோர் பேசும் மொழி) தெரியாத மாணவர்கள் அந்த மொழியில் ஒரு பாடம் படித்தாக வேண்டும். பாஸ் பண்ணினால் போதும் என்று விடாமல் சரளமாகப் பேசும் அளவுக்குப் படிக்கட்டும். இந்த மாகாணத்தில் எச்.ஐ.வி., காசநோய் ஆய்வுகளில் வீடு வீடாகப் போய் மக்களிடம் பேசவும், பேசியதைப் புரிந்து எழுதவும் ஆள் வேண்டும். அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம், கல்வித் துறை என்று மற்ற வழிகளும் உண்டு. எல்லாவற்றிலும் சூலு தெரிந்தவளுக்குத்தான் முதலிடம்.

பணம் ஒரு கவலை என்றால், குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனர்ஸுக்கு அதை நம்ப வேண்டாம்; அந்த ஒரு வருடத்துக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள்.

அவள் அப்பாவிடம் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தால் எடுத்துப் பார்க்கட்டும். கப்பலில் வந்தவர்களின் எண் சிலவற்றில் எழுதியிருப்பதுண்டு. அந்த எண் கிடைத்தால், கப்பல் பட்டியலில் அவர்களைத் தேட, மகளையும் கூட்டிக்கொண்டு அதே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.