பக்கத்து மனையில் கட்டட வேலை. புது கார் முழுக்கச் சிமெண்ட் தூசி. பெயிண்டில் கீறல் விழாமல் எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் கையில் இருக்கும் துணியைக் கீழே வையுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாமா ஒரு மாதம் வெளிநாடு போனபோது, தன் கருப்பு பிஎம்டபிள்யூவை எங்கள் அபார்ட்மெண்டில் விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்தால் பானெட் மேல் கோலமாவு தூவிய மாதிரி இருக்கும். வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனசோடு தினமும் பழைய பனியன் துணியால் துடைத்து வைத்தார். "தம்பி, மாமா வண்டியில தூசியே தங்க விடல" என்று பெருமை வேறு. மாமா வந்து வண்டியை வெயிலுக்கு எடுத்ததும் தெரிந்தது, பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். பாலிஷ் செலவு என் தலையில்.

மணலிலும் டைல்ஸிலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் இருக்கும், அது கண்ணாடியையே கீறும். பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. தூசி சும்மா கிடந்தால் கீறாது, நாம் தேய்க்கும்போதுதான் கீறும். சிமெண்டில் இன்னொரு தொல்லை, ஈரம் பட்டால் இறுகிவிடும். மார்கழிப் பனி ஒரு ராத்திரி பெய்தாலே போதும். அதனால் உலர்ந்த துணி மட்டுமல்ல, ஈரத்துணியால் லேசாகத் துடைப்பதும் வேண்டாம். ஊற்றினால் நிறைய ஊற்றுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

நிழலில், பானெட் ஆறியபிறகு, ஹோஸை மேற்கூரையில் பிடித்துக் கீழ்நோக்கி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம், கதவு இடுக்கு எல்லாம் ஓடட்டும். வடியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கை வைக்கக் கூடாது. அப்புறம்தான் கார் ஷாம்பு. இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோ ஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில், அழுத்தாமல். கடைசியில் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வெயிலில் தானாகக் காய்ந்தால் உப்புக்கறை வேறு சேரும்.

அப்படியும் சொரசொரப்பாகப் புள்ளிகள் இருந்தால் அது இறுகிய சிமெண்ட். நகத்தால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து அதன்மேல் சில நிமிடம் போட்டுவையுங்கள். சிமெண்ட் காரம், வினிகர் அமிலம், மெல்ல இளகும். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். டைல்ஸ் கழுவுகிற ஆசிடைத் தரேன் என்று கொத்தனார் யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், பெயிண்டே போய்விடும்.

வைப்பரையும் போட்டுவிடாதீர்கள், கண்ணாடிக்கும் அதே கதிதான். தூசி மேல் கவர் போடுவதும் வேண்டாம், காற்றில் அது ஆடி ஆடித் தேய்க்கும்.

வேலை முடிய மாதக்கணக்கு ஆகும் என்றால் மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள். டைல்ஸைத் தண்ணீர் விட்டு வெட்டுங்கள், உங்கள் பக்கம் பச்சை வலை கட்டுங்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து மேஸ்திரி இரண்டு டீயில் ஒத்துக்கொண்டார்.