அண்ணாச்சி, பாப்பாவின் கெமிஸ்ட்ரி நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பாருங்கள்

அண்ணாச்சி, வணக்கம்.

ப்ளஸ் டூ முடித்த பாப்பாவை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மதினியும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்த அவசரத்தில் பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டீர்கள். மீதியை எழுதுகிறேன். பாப்பாவும் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

600-க்கு 471. பயாலஜி, கணக்கு இரண்டும் படித்த பிள்ளை. இந்த மதிப்பெண்ணுக்கு யாரும் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதில்லை. மதினி இரவில் தூங்குவதில்லை என்றார்கள், தூங்கச் சொல்லுங்கள். ஆறுதல் இவ்வளவுதான். இனி உங்களோடு கொஞ்சம் சண்டை.

உங்கள் அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 12 லட்சம். அதற்கு பைபாஸ் பக்கத்து மனையை விற்கப் போகிறீர்கள். காரணம் கேட்டால், "அதுதான் வாயே திறக்க மாட்டேங்குதே, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ற வேலைதான் அதுக்குச் சரி" என்கிறீர்கள். அண்ணாச்சி, அந்த வேலையில் இருக்கிற பத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு மீட்டிங், மாலையில் வெளிநாட்டுக்காரனோடு ஒரு கால், நடுவில் மேனேஜருக்கு விளக்கம். பேச்சுக்குப் பயந்து அங்கே போவது, மழைக்குப் பயந்து கண்மாய்க்குள் இறங்குகிற கதை. பாப்பாவுக்கு அதில் ஆசை இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். இல்லை. நீங்கள் வெளியே போய் போன் பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் அவளே சொன்னாள்.

இன்ஜினியரிங், பி.காம்., பி.எட். பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

கல்யாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் பேசாத பிள்ளைக்கு "மொழி வராது" என்று எழுதிவிடுகிறோமே, அதில்தான் முதல் தப்பு. மொழித் திறமை ஒரே சாமான் இல்லை. ஒலியைப் பிரித்துக் கேட்பது ஒன்று, சொல் வளம் ஒன்று, வாக்கியம் கட்டுவது ஒன்று, இடம் பார்த்துப் பேசுவது ஒன்று. ஒருவருக்கு ஒன்று தூக்கலாக இருக்கும், இன்னொன்று சுமாராக இருக்கும். கூச்சம் இதில் எதிலும் சேராது, அது சுபாவம். ஆங்கிலம் திக்குவதும் திறமைக் குறைவு இல்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்காத மொழி நாக்கில் உடனே எப்படி வரும்?

அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன், ஒரு நிமிடம்கூட இருக்காது. வைத்ததும் பாப்பா மெதுவாகக் கேட்டாள்: "அவங்க மதுரைப் பக்கமா சார்?" 'வந்துட்டாய்ங்க' என்று அவர் சொன்னதை வைத்து யாரும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அடுத்துக் கேட்டாளே: "தமிழ் டீச்சரா? 'ழ' மட்டும் ரொம்பச் சுத்தமா வருது." அவர் மேலூரில் தமிழாசிரியர்தான். நான் இருபது வருடமாக அவரோடு பேசுகிறேன், கவனித்ததில்லை.

அப்புறம் அந்த நோட்டு. மார்க் பட்டியலைத் தேடும்போது அவள் பையிலிருந்து விழுந்தது. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில், உங்கள் தங்கை மகன் பேசுகிற சொற்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். மூன்றரை வயதுப் பையனுக்குப் பதினெட்டுச் சொல். 'தண்ணி' என்பது 'ண்ணி'. 'சோறு' என்பது 'ஓறு'. 'செருப்பு' என்பது 'எருப்பு'. பூவுக்கும் பூனைக்கும் ஒரே 'பூ'. கீழே கோடு போட்டு: "மாமா, வா — சரியாக வருகிறது. ச வரவே இல்லை. பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 3 தடவை." யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை. இப்படிக் குறிப்பு எடுக்கிறதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, அண்ணாச்சி.

அதன் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. கேட்பியல், பேச்சு-மொழி நோய்க்குறியியல் என்று தமிழில் எழுதுவார்கள். ஊரில் 'ஸ்பீச் தெரபி படிப்பு' என்றால் புரியும். நான்கு வருடம், கடைசி ஒரு வருடம் பயிற்சி. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், அதோடு உயிரியல் அல்லது கணக்கு மாதிரி ஒன்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். காது, தொண்டை, மூளையின் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல் எல்லாம் ஒரே படிப்பில் வரும். அறிவியலும் மொழியும் இப்படிக் கலந்த பட்டப்படிப்பு வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

வேலை எப்படி இருக்கும்? சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த ஒலியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எந்த ஒலி எவ்வளவு மெதுவாக வந்தாலும் காதில் விழுகிறது என்று வரைபடம் போடுவார்கள். சொல்லத் தெரியாத கைக்குழந்தை என்றால் தூங்க வைத்துத் தலையில் மின்முனை ஒட்டி, நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கவாதம் வந்து சொல் தொலைத்த பெரியவருக்கு 'டம்ளர்' என்ற ஒரு சொல்லை மீட்டுக்கொடுக்க வாரக்கணக்கில் உட்காருவார்கள். திக்கிப் பேசுகிற கல்லூரிப் பையன், குரல் கட்டிப்போன ஆசிரியை, காது மெஷின் மாட்டிய தாத்தா, எல்லாரும் ஒரே நாளில் வருவார்கள். நீளமாகப் பேசுகிறவரைவிடப் பொறுமையாகக் கேட்கிறவருக்குத்தான் அங்கே மரியாதை.

நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு தனி அனுகூலம். குழந்தை 'வாளப்பளம்' என்றால் அது கோளாறா, வட்டார வழக்கா? மதுரைப் பக்கத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் சொல்வார்கள், குழந்தையைத் திருத்த வேண்டியதே இல்லை. சென்னையில் 'பயம்' என்று பழத்தைச் சொல்கிற வீடுகளும் உண்டு. புத்தகத் தமிழை அளவுகோலாக வைத்தால் பாதி ஊரையே நோயாளி ஆக்க வேண்டியதுதான். வீட்டில் என்ன தமிழ் புழங்குகிறது என்று காதால் எடை போடத் தெரிந்தவர்தான் நல்ல தெரபிஸ்ட். அது உங்கள் மகளுக்குச் சும்மாவே வருகிறது.

எங்கே படிக்கலாம்? மைசூரில் மானசகங்கோத்ரியில், 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு-கேட்பு நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசினுடையது, இந்தத் துறையில் நாட்டுக்கே தாய்வீடு. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. மருத்துவக் கல்வித் துறை நடத்துகிற துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்விலும் இது வரும். நீங்கள் எல்லாரும் நர்சிங், பார்மசியோடு அந்தப் பட்டியலை மூடிவிடுகிறீர்கள். விதிமுறை வருடத்துக்கு வருடம் மாறும், இந்த வருட அறிவிப்பைப் பாப்பாவே உட்கார்ந்து படிக்கட்டும்.

ஒரு கண்டிப்பு. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆங்கிலத்தில் ஆர்.சி.ஐ.) அனுமதி அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். படித்து முடித்து அந்த மன்றத்தில் பதிவு எண் வாங்கினால்தான் தொழில் செய்ய முடியும். பதிவு கிடைக்காத பட்டத்தைச் சுவரில்தான் மாட்டலாம். கல்லூரி அலுவலகத்தில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

பணக் கணக்கையும் மறைக்க மாட்டேன். அரசு இடம் கிடைத்தால் செலவு ஆயிரங்களில் நிற்கும். தனியார் கல்லூரியில் லட்சங்களில் போகும், சில இடங்களில் உங்கள் அண்ணன் சொன்ன தொகைக்குக் கிட்டவே வரும். அப்படிப்பட்ட இடத்துக்கும் மனையை விற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொடக்கச் சம்பளம் சுமார்தான், ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்கள் அண்ணன் சிரிப்பார். இரண்டு வருட முதுகலையும் முடித்தால் நிலைமை வேறு. காது மெஷின் விற்கிற கம்பெனிகள் நல்ல சம்பளம் தருவதாகக் கூப்பிடும், ஆனால் சில இடங்களில் தெரபியைவிட மாத டார்கெட்தான் பெரிதாக இருக்கும். பாப்பா அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். மனை இருக்கட்டும். அவளுக்கு அடுத்து ஒரு தம்பி இருக்கிறான், மறந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் தங்கை மகன் விஷயம். இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்யுங்கள்.

"ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், எங்க பரம்பரையே அப்படி" என்றீர்கள். குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் நிஜம்தான். அமெரிக்காவில் பெற்றோரிடம் சொல் பட்டியல் கொடுத்துக் கணக்கெடுத்தபோது, இரண்டு வயதில் சில பிள்ளைகள் ஐம்பது, அறுபது சொல்லோடு நின்றார்கள், சிலர் ஐந்நூறைத் தாண்டினார்கள். பின்தங்கியவர்களில் பலர் பிறகு தானாக எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் மூன்றரை வயதில் பதினெட்டுச் சொல் என்பது காத்திருந்து பார்க்கிற எண்ணிக்கை இல்லை. பரம்பரை என்றால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதிப் பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அதைத் துருவிப் போய்த்தான் 2001-ல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். அப்படி ஒற்றை மரபணுவால் வருவது அபூர்வம், உங்கள் வீட்டில் அது என்று நான் சொல்லவில்லை. பரம்பரை என்ற சொல் சும்மா இருக்கக் காரணம் ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

காது நன்றாகக் கேட்டும், அறிவு சரியாக இருந்தும் மொழி மட்டும் தடுமாறுகிற பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர்வரை உண்டு. பள்ளியில் அவர்களைச் சோம்பேறி என்பார்கள். இவன் அந்த வகையா, காதா, வேறு ஏதாவதா என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. 'ச' பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். ஆனால் பைக் சத்தம் கேட்பதால் காது சரி என்று முடிவு கட்டாதீர்கள். பைக், இடி எல்லாம் தாழ்ந்த ஒலி, பலமான ஒலி. 'ச' உயர்ந்த ஒலி, மெல்லிய ஒலி. ஒன்று கேட்டு மற்றது கேட்காமல் இருக்க முடியும். காதுதான் காரணம் என்று தெரிந்தால் பலருக்கு மெஷின் உதவும். காது ரொம்ப மோசம் என்றால், காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, அதிலும் சீக்கிரம் செய்தால்தான் பேச்சு பிடிபடும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு வருகிற திங்கட்கிழமையே தங்கச்சியை அனுப்புங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போனால்தான் டோக்கன் கிடைக்கும். உங்கள் அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன், நம்பரை அனுப்புங்கள்.

பாப்பாவையும் கூட அனுப்புங்கள் அண்ணாச்சி. அந்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள், டாக்டர் கேட்பார்.