மாலத்தீவில் டீச்சர் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(மாலத்தீவுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. தலைநகர் மாலேயிலேயே வேலை கேட்டிருக்கலாமே என்கிறார்கள் வீட்டில். தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில் எப்படி இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. - ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

பயப்படாதீர்கள். என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர்களுக்கு மாலேயை விடச் சின்னத் தீவுதான் நல்லது. மாலேயில் இடநெருக்கடி, வாடகையும் அதிகம், பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாமல் ஒரு வருஷம் ஓடிவிடும். அந்த நாட்டில் இருக்கும் ஏறக்குறைய 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவான தீவுகளில்தான், அவற்றிலும் பல, சாயங்காலம் நடக்கப் போனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரக்கூடிய அளவுதான் இருக்கும். நீங்கள் போய் இறங்கிய மறுநாளே புதுக் கணக்கு மிஸ் வந்திருக்கிறார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். நீங்கள் எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பதும் தெரிந்திருக்கும், சரி, அதை ஒரு தொல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சலில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் கஞ்சியோடு கதவைத் தட்டுவதும் அதே ஊர்தான்.

நம்மவர்கள் பலர் அங்கே போயும் இந்திய ஆசிரியர்கள் நாலு பேரோடு மட்டும் பழகி, வகுப்பு முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் ஊரைப் பார்த்தபடியே ஒப்பந்தக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் அந்த ஊர் கடைசிவரை பழகுவதே இல்லை. சாயங்காலமானால் வீட்டு வாசலிலும் கடற்கரையிலும் ஜோலி என்கிற கயிறு பின்னிய நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். போய் ஒரு ஸலாம் சொல்லி உட்காருங்கள். திவேஹி மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மாணவர்களே மொழிபெயர்க்க ஓடி வருவார்கள். அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பிள்ளையின் அப்பா மீன்பிடிக்கப் போகிறார், எந்தப் பிள்ளையின் அப்பா ரிசார்ட்டில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதோ ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார் என்பதெல்லாம் தெரிய வரும். அது தெரிந்த பிறகு வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் நீங்கள் பேசும் விதமே மாறிவிடும்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை பள்ளிக்கூடம் என்பதற்கு உடம்பு பழகக் கொஞ்ச நாளாகும், நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்திருக்கும் நாளில் நீங்கள் வகுப்பில் நிற்பீர்கள். ரமலான் மாதத்தில் பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடாதீர்கள், தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். வழிபாட்டுச் சிலைகளுக்கும் மது, பன்றி இறைச்சிக்கும் சுங்கத்தில் தடை உண்டு. வேற்று மதத்தினர் பொது இடத்தில் வழிபடவும் முடியாது. அறைக்குள் மனதாரக் கும்பிடுங்கள், அம்மா ஆசையாகக் கொடுத்துவிடும் பிள்ளையாரைப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

நான் சைவம். எல்லாவற்றிலும் மீன் இருக்கும் என்கிறார்களே? - ஒரு பட்டதாரி, கோவில்பட்டி

பெரும்பாலும் உண்மைதான். காலையில் ரொட்டியோடு மாஸ் ஹுனி என்று சூரை மீனைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது, மதியம் கருதியா என்கிற மீன் சாறு, டீயோடு தின்னும் பலகாரத்துக்குள்ளேயும் பெரும்பாலும் அதே சூரைதான். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக்கருவாடு தின்று வளர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம். நீங்கள் சமைத்துத்தான் ஆக வேண்டும். அரிசி, பருப்பு, உருளை, வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. பச்சைக் காய்கறி படகு வந்தால்தான் உண்டு. உங்கள் பக்கத்துத் தூத்துக்குடியிலிருந்தே மாலேக்குக் கப்பலில் காய்கறி போகிறது, ஆனால் அங்கிருந்து உங்கள் தீவுக்கு இன்னொரு படகு ஏறி வர வேண்டுமே, தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் முட்டைக்கோஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். படகு வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்று பள்ளி முடிந்ததும் நேரே கடைக்குப் போங்கள். புளி, சாம்பார் பொடி, குக்கர் கையோடு கொண்டு போங்கள். அங்கே பெரும்பாலும் சதுர முனை பிளக் என்பதால் அடாப்டரும் வேண்டும்.

என் கணவர் அங்கே ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா? - ஒரு வாசகி, தென்காசி

அவசரப்படாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பொதுவாகச் சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில்தான் வரும். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை, ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் கிடைப்பதில்லை, வெளியில் வாங்கினால் விலை எகிறும். வெளிநாட்டவர் மாதம் எவ்வளவு பணம் அனுப்பலாம் என்பதற்கு வங்கிகளில் வரம்பு வைக்கிறார்கள், அது குறைக்கப்பட்டும் இருக்கிறது. அப்படிக் குறைத்த சமயங்களில் கையில் சம்பளம் இருந்தும் ஊருக்குத் தவணை அனுப்ப முடியாமல் ஆசிரியர்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இந்த மாதம் உண்மையில் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று அங்கே வேலையில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். கடன் தவணை அந்தத் தொகைக்குள் அடங்கினால் மட்டும் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புரியுமா? - வருங்கால ஆசிரியர், திருநெல்வேலி

திவேஹி, இஸ்லாம் ஆகிய பாடங்களை உள்ளூர் ஆசிரியர்கள் நடத்துவார்கள், மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், 10-ஆம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு. பிள்ளைகளுக்குப் புரியும், வாய் திறக்கத்தான் கூச்சம். நம் ஊர் வழக்கத்தில் அதட்டினால் அந்தக் கூச்சம் இறுகிப்போகும். பிரம்பைத் தொடவே கூடாது. அப்புறம், நம் பாடப்புத்தகத்தில் வருகிற இரண்டு ரயில்கள் எதிரெதிரே கிளம்பும் கணக்கை அப்படியே கொண்டு போகாதீர்கள், அந்த நாட்டில் ரயிலே கிடையாது. அதையே தோணியும் ஸ்பீட்போட்டும் என்று மாற்றிக் கேளுங்கள், கடைசி வரிசையிலிருந்துகூடக் கை உயரும். எந்தப் படகு எவ்வளவு வேகம் போகும் என்று அவர்களே உங்களைத் திருத்துவார்கள்.

நாலு மாதக் கர்ப்பிணி நான். கணவரோடு தீவுக்குப் போகலாமா? - ஒரு வாசகி, நாகர்கோவில்

இப்போது வேண்டாம். சின்னத் தீவில் இருப்பது சுகாதார நிலையம், அவசரம் என்றால் பெரிய மருத்துவமனை இருக்கும் தீவுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும், இரவில் காற்று மழை என்றால் அதுவும் கஷ்டம். பிறகு போவதும் சிரமமில்லை, திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். பிரசவம் முடிந்து, குழந்தைக்கு முதல் தடுப்பூசிகள் எல்லாம் போட்ட பிறகு, கடல் அமைதியாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள்.