நம்ம பாட்டு தொடரில் ஓடினால் காசு யாருக்கு?

கேள்வி: கல்லடியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து உருவாக்கிய பாட்டைக் கேட்காமலே ஒரு தொலைக்காட்சித் தொடரில் போட்டிருக்கிறார்கள். பணம் கேட்கலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: தாராளமாகக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை; பாட்டு பிறந்ததும் உரிமையும் பிறந்துவிடுகிறது.

ஆனால் ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் ஆக்கியவர்களுக்கு ஒன்று, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு மற்றது. காட்சியோடு பாட்டைச் சேர்க்க இரு தரப்பின் அனுமதியும் வேண்டும். அந்தக் கட்டணம் பேசித் தீர்ப்பது. ஒளிபரப்பாகும்போது ஆக்கியவர்களுக்கு வரும் பங்குத்தொகையான ரோயல்டி வேறு. அது, பாட்டுகளுக்கான பணத்தைத் திரட்டிப் பிரித்துக் கொடுக்கும் உரிமச் சங்கம் வழியாக, அதில் சேர்ந்த ஆக்கியோருக்கு வரும்.

அந்த ரோயல்டி பெரும்பாலும் வராமல் சிக்கி நிற்பது 'கியூ ஷீட்'டில்தான். தயாரிப்பாளர் நிரப்பும் இந்தத் தாளில் பாட்டின் பெயர், ஆக்கியவர்கள், ஆளுக்கு எத்தனை வீதம், எத்தனை செக்கன், பின்னணியில் ஒலித்ததா பாத்திரம் பாடியதா என எல்லாம் இருக்க வேண்டும். சங்கத்தில் முழுப்பெயரும் தாளில் செல்லப்பெயரும் இருந்தால் பணம் ஆளைத் தேடிக்கொண்டு கிடக்கும். ஐவரின் பங்கும் கூட்டினால் சரியாக 100 வரவேண்டும். 110 வந்தால் தகராறு என்று நிறுத்திவைப்பார்கள். இன்றைக்கே ஒரு தாளில் பிரித்தெழுதி ஐவரும் கையொப்பமிடுங்கள்.

பிறகு அத்தியாய இலக்கம், திகதி, பாட்டு தொடங்கி முடிந்த நேரம் மூன்றையும் குறித்து, காட்சியைப் பதிந்து, தயாரிப்பாளருக்கும் அலைவரிசைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு முன் பழைய ஒலிப்பதிவு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகைக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், கேட்கவேண்டியவர் வாங்கியவர்தான்.