இறுக்கினாலும் நிற்காத ஸ்பீக்கர் வயர்

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். இடது பக்கம் திடீரென்று நின்றுவிடுகிறது, வயரை ஆட்டினால் வருகிறது. மாதம் ஒருமுறை ஸ்க்ரூவை இறுக்கிப் பார்த்துவிட்டேன், மறுபடியும் அதே கதை. ஆம்ப்ளிஃபையரையே மாற்றிவிடலாமா?

வேண்டாம். அவசரப்பட்டுப் பணத்தை விடாதீர்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் வயர் முனையில் இருக்கும் கோளாறுதான். அதுவும் வெறும் லூஸ் காண்டாக்ட் இல்லை, களிம்பு. செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் பூக்குமே, அதே சங்கதிதான் உங்கள் ஸ்பீக்கர் வயரின் மெல்லிய இழைகளிலும் ஏறியிருக்கும். கடல்காற்றில் வரும் உப்பு செம்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும், நம் கரையில் ராத்திரியில் இது சர்வ சாதாரணம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடுதான் மல்லுக்கட்டியது, 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சு அடித்ததும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் முடி அளவு செம்பு இழை எம்மாத்திரம்? களிம்பு ஏறிய இழையை எவ்வளவு இறுக்கினாலும் செம்பும் உலோகமும் நேராகத் தொடாது, அதனால்தான் நீங்கள் இறுக்கியது நிற்கவில்லை.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் இடது ஸ்பீக்கர் வயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். அதே இடது ஸ்பீக்கர்தான் நிற்கிறது என்றால் வயரில் அல்லது ஸ்பீக்கரில் கோளாறு. இதுவரை நன்றாகப் பாடியது நின்றால் ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு உள்ளே வரும் கேபிளிலோ கோளாறு. கழற்றி மாட்டியதாலேயே இரண்டு நாள் நன்றாக ஓடும், உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

வயர்தான் என்றால் பழைய முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம், நறுக்கி எறியுங்கள். உறையை உரித்தால் உள்ளே செம்பு பளபளவென்று சிவப்பாகத் தெரிய வேண்டும், கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் நறுக்குங்கள். ஒரு அடி நறுக்கியும் கறுப்பாகவே வந்தால் மொத்த வயரையும் மாற்றுவதுதான் வழி. இன்னொன்று, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு என்று கடையில் தருவார்கள், கடற்கரை வீட்டுக்கு அதை நான் ஒருநாளும் சிபாரிசு செய்ய மாட்டேன், சீக்கிரம் பொடிந்துவிடும். முழுச் செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் சாதாரண ஹாலுக்குத் தாராளம்.

அப்புறம், சுமார் 10 மில்லிமீட்டர் உரித்து இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது, தொட்டால் ஆம்ப்ளிஃபையரே எரிந்துபோகலாம். பலர் முனையில் ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் மாட்டுகிறார்கள், அது தப்பு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும், சில மாதத்தில் மறுபடி லூஸ். அதற்குப் பதில் வயர் முனையில் நசுக்கி மாட்டும் சின்ன உலோகக் குழாயோ (லக்), துளையில் அப்படியே செருகும் பனானா பிளக்கோ போடுங்கள். ஆம்ப்ளிஃபையரிலும் ஸ்பீக்கரிலும் உள்ள முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பளபளப்பு வரும், ஆனால் புளிப்பு உள்ளேயே தங்கி மறுபடி அரிக்கும். தேங்காயெண்ணெயும் வேண்டாம். இறுக்கி முடித்ததும் வெளிப்பக்கம் மட்டும் லேசாக வாசலின் தடவினால் உப்பு ஈரம் உள்ளே புகாது. நடுவில் ஜாயிண்ட் இருந்தால் டேப் சுற்றி விடாமல் பற்றவைத்து, சூடாக்கிச் சுருக்கும் டியூப் போட்டு மூடுங்கள், டேப்பின் பசை நம் ஊர் வெயிலுக்கு இளகிவிடும்.

ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளே பாட்டைக் கொண்டுவரும் கேபிளின் முனையில், அதாவது ஆர்சிஏ பின்னில், சந்தேகம் இருந்தால், அணைத்த நிலையில் பின்னை நாலைந்து தடவை திருகிச் செருகினாலே மேல் படலம் போய்விடும். வெளி வளையம் தளர்ந்திருந்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கும், மெல்ல நெருக்கிவிட்டால் நிற்கும்.

ஆம்ப்ளிஃபையரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். ஜன்னலுக்கு நேராக வைத்திருந்தால் உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள்.

இத்தனையும் செய்தும் அதே இடது ஸ்பீக்கர் நின்றால், வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை, அல்லது பெட்டியைத் தட்டும்போது எண் துள்ளுகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்ளே, அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.